சுவரில் வெடிப்பு, பீலியில் தண்ணீர் இல்லை: கல்குவாரிக்குக் கீழே இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வாசகர் கடிதம்: "ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பன்னிரண்டு காம்பரா (அறை) கொண்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறோம். லயத்துக்கு மேலே மூன்று வருஷமாகக் கல்குவாரி ஓடுகிறது. நடந்தால் ஐந்து நிமிஷம். வாரத்தில் இரண்டு மூன்று தடவை வெடி வைக்கிறார்கள். தகரமெல்லாம் அதிரும். சுவரில் வெடிப்பு விழுந்திருக்கிறது. மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் பாதியாகிவிட்டது, மழை பெய்தால் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது. தோட்ட நிர்வாகியான துரையிடம் சொன்னால், 'லயம் நூறு வருஷப் பழசு, வெடிக்கத்தானே செய்யும்' என்கிறார். குவாரிக்காரர் லைசன்ஸ் இருக்கிறது என்கிறார். என் தம்பியும் அங்கேதான் ஜாக்ஹாமர் பிடிக்கிறான், அதனால் சத்தமாகப் பேசவும் முடியவில்லை. போன மழைக்குப் பிறகு லயத்துக்குப் பின்னால் மண்ணிலும் ஒரு வெடிப்பு தெரிகிறது. யாரிடம் போவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்களே, மண்ணில் தெரியும் அந்த வெடிப்பு, அதிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு மாதக் கணக்கில் அலையலாம். இதற்கு நாள் கடத்தக் கூடாது.

இன்றே போய்ப் பாருங்கள். வெடிப்பு சரிவுக்குக் குறுக்கே, பிறை போல வளைந்து ஓடுகிறதா? கீழ்ப்பக்க மண் மேல்பக்கத்தைவிட ஓரங்குலமாவது இறங்கியிருக்கிறதா? அருகிலுள்ள மரமோ போஸ்டோ சாய்ந்திருக்கிறதா? முன்பு லேசாகச் சாத்திய கதவு இப்போது இறுகுகிறதா? இதுவரை ஊற்றில்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிகிறதா? இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே மலை நகரத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அன்றே எழுத்தில் கொடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து சரிவைப் பார்க்கவேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மண்சரிவு அபாயத்தைச் சொல்லும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்குரியது.

அவர்கள் வரும்வரை வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைத்தூரத்தைத் தினமும் காலையில் அளந்து எழுதுங்கள். வெடிப்புக்குள் களிமண்ணைத் திணித்து மேலே பொலித்தீன் விரியுங்கள், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. நேர்ப்பக்கமான பிளாஸ்டிக் போத்தலொன்றின் தலையை வெட்டித் திறந்தவெளியில் வைத்தால் மழைமானி ஆகிவிடும். அடி நெளிந்திருக்கும் என்பதால் நேர்ப்பக்கம் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அதைச் சுழியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் விழுந்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவு. மண்ணில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கும்போது 150 வரை காத்திருக்க வேண்டாம். 75ஐத் தாண்டிய இரவில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வேறிடம் போய்விடுங்கள்.

குவாரியிலிருந்து இறக்கிய மேல்மண் எங்கே கொட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். பாறையை எடுக்குமுன் சுரண்டித் தள்ளும் மண்ணைக் கானின் (வடிகாலின்) தலைப்பில் குவித்துவிட்டால், மழைத்தண்ணீர் போக வழியின்றி மலைக்குள் இறங்கும். குவாரிப் பாறை உறுதியாக நிற்கும்போதும் இந்தக் குவியல் சரிந்து கீழே உள்ள லயத்தை மூடிவிடலாம். குவியலையும் அடைபட்ட கானையும் ஒரே போட்டோவில் வரும்படி எடுத்து முறைப்பாட்டோடு சேருங்கள்.

இனி சுவருக்கு வருவோம். துரை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கருங்கல்லையும் களிமண்ணையும் வைத்துக் கட்டிய, மேலே கொங்கிரீட் வளையம் இல்லாத லயத்துச் சுவர் வெடி இல்லாமலும் வெடிக்கும். மழைக்கும் வெயிலுக்கும் மாறிமாறி விரிந்து மூடும் வெடிப்பு பெரும்பாலும் அத்திவாரத்து மண்ணின் வேலை. ஆனால் அவர் விட்டுவிட்ட மறுபாதி இது: பழைய சுவர் என்பதாலேயே அதற்குத் தாங்கும் சக்தி குறைவு, அதனால் பக்கத்தில் வைக்கும் வெடி சிறியதாக இருக்கவேண்டும். பழசு என்ற வாதம் குவாரியைக் காப்பாற்றாது, அதன் பொறுப்பைக் கூட்டுகிறது. உங்கள் கடிதத்தில் இந்த வாதத்தையே எழுதுங்கள்.

வெடி இரண்டு வழியாக வந்து வீட்டை அசைக்கிறது. ஒன்று நிலத்தின் வழி. காலுக்குக் கீழே 'தொம்' என்று உதைப்பது அது. மற்றது காற்றின் வழி. தகரம் கடகடப்பதும் ஜன்னல் அதிர்வதும் பெரும்பாலும் காற்றழுத்தத்தால்தான். நில அதிர்வை விநாடிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்றும், காற்றழுத்தத்தை டெசிபலிலும் அளப்பார்கள். ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன், ஏனெனில் பல முறைப்பாடுகள் இங்கேதான் தோற்கின்றன: மனித உடம்பு விநாடிக்கு 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த அதிர்வையே உணர்ந்துவிடும். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980இல் வெளியிட்ட ஆய்வு, பூச்சுச் சுவருள்ள பழைய வீடுகளுக்குத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வைத்த எல்லை விநாடிக்கு 12.7 மில்லிமீற்றர். ஆகவே 'அதிர்ந்தது, பயந்துபோனோம்' என்று மட்டும் எழுதினால், 'எல்லைக்குள் இருக்கிறது' என்று பதில் வந்து கோப்பு மூடப்படும். அந்த ஆய்வு நடந்தது மரச்சட்ட வீடுகளில். களிமண் கட்டு லயத்துக்கு அந்த எண்ணைக் காட்டி யாராவது பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குவாரிக்கான எல்லை அதன் அனுமதிப்பத்திர நிபந்தனையில் இருக்கும். அதைப் பெறும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

ஆதாரம் சுவரிலேயே தொடங்கட்டும். ஒவ்வொரு காம்பராவிலும் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே சிறு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். நீண்டால் கோட்டைத் தாண்டிப் போனது தெரியும். வெடிப்பின் இரண்டு பக்கமும் சிறிய ஆணி அடித்து, பள்ளிக்கூட அடிமட்டத்தால் இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்துவையுங்கள். இரண்டு மூன்று முக்கியமான இடத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டை வெடிப்புக்குக் குறுக்கே வைத்து, இரு நுனியையும் மட்டும் சீமெந்துக் குழம்பால் ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். போட்டோ எடுக்கும்போது அடிமட்டமும் அன்றைய பத்திரிகையும் படத்தில் இருக்கட்டும். ஒரு சி.ஆர். கொப்பியில் வெடி வைத்த திகதி, நேரம், சைரன் ஒலித்ததா, எத்தனை வெடி, எந்தக் காம்பராவில் என்ன நடந்தது என்று எழுதி, அங்கே இருந்த இரண்டு பேர் கையெழுத்து வைக்கட்டும். கல் பறந்து வந்து கூரையில் விழுந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கடைத் தராசில் நிறுத்து, விழுந்த இடத்தைப் படமெடுத்து, பத்திரமாக வையுங்கள். வெடிமருந்துக்கு மேல் துளையை அடைக்கும் சல்லி போதாவிட்டாலோ, துளை பாறை முகப்புக்கு மிக நெருக்கமாக விழுந்தாலோ கல் அப்படிப் பறக்கும். குடியிருப்புவரை கல் வருவது எந்த அனுமதிப்பத்திரத்தின் கீழும் சரியாகாது. அது நடந்தால் பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள்.

அளக்க அதிகாரிகள் வரும் நாள் மிக முக்கியம், அன்றுதான் காரியம் கெட்டுப்போகிறது. கருவியைக் குவாரி அலுவலகத்தில் வைத்தால் பிரயோசனமில்லை. குவாரிக்கு மிக அருகிலுள்ள காம்பராவின் வெளிச்சுவரை ஒட்டி, இறுகிய தரையில் ஊன்றி வைக்கச் சொல்லுங்கள். இஸ்தோப்பில் பெயர்ந்து ஆடும் சீமெந்துத் தரை வேண்டாம். அதைவிடப் பெரிய தந்திரம், அன்றைக்கு மட்டும் வெடிமருந்தைக் குறைப்பது. அதிர்வைத் தீர்மானிப்பது ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடையும் தூரமும். மருந்து நான்கு மடங்கானால் அதிர்வு ஏறக்குறைய மூன்று மடங்காகும். 4 கிலோவில் விநாடிக்கு 2 மில்லிமீற்றர் காட்டிய அதே இடம், 16 கிலோவில் 6 காட்டும். எனவே அளந்த நாளின் வெடிப் பதிவையும், அதற்கு முந்திய மூன்று மாத வெடிப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள்: எத்தனை துளை, எவ்வளவு ஆழம், துளைக்கு எத்தனை கிலோ, தாமத டெட்டனேட்டர் போட்டார்களா. எல்லாத் துளையும் ஒன்றாக வெடிக்காமல் மில்லிசெக்கன் இடைவெளி விட்டு வெடித்தால் அதே கல்லை மிகக் குறைந்த அதிர்வில் எடுக்கலாம். உங்கள் கோரிக்கைகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.

பீலி. என் கணிப்பில் இதுதான் உங்களுடைய பெரிய இழப்பு. சுவரைப் பூசிவிடலாம், வற்றிய ஊற்றைத் திரும்ப வரவழைக்க முடியாது. மலைநாட்டுப் பாறை நைஸ் (gneiss) என்ற இறுகிய வகை. அது பஞ்சுபோலத் தண்ணீர் பிடிக்காது. தண்ணீர் பாறையின் பிளவுகளுக்குள் ஓடித்தான் பீலிக்கு வருகிறது. குவாரி முகப்பு அந்தப் பிளவை வெட்டிவிட்டால் தண்ணீர் அங்கேயே வெளியே வந்து குவாரிக் குழியில் தேங்கும். மழையில்லாத நாளில் குவாரிச் சுவரில் ஈரம் வழிகிறதா, அல்லது மோட்டர் போட்டுக் குழித் தண்ணீரை இறைக்கிறார்களா என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பீலித் தண்ணீர் அதுவாக இருக்கலாம். உமா ஓயாத் திட்டத்துச் சுரங்கம் தோண்டியபோது பாறைப் பிளவுத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கி, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் இதே காரணத்தால்தான், அளவு மட்டும் பெரியது.

பீலியை அளப்பது சுலபம். 10 லீற்றர் வாளி ஒன்று, போனில் உள்ள ஸ்டொப்வொச் ஒன்று. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், யாரும் குளிக்காத விடிகாலை. வாளி நிறைய 20 விநாடி என்றால் நிமிஷத்துக்கு 30 லீற்றர், 60 விநாடி என்றால் 10 லீற்றர். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். 'வெயில் காலம், தண்ணீர் குறையத்தான் செய்யும்' என்பார்கள். அதற்குப் பதில் தோட்டத்து ஒபிசிலேயே இருக்கிறது: தோட்டங்களில் தினமும் மழை அளந்து எழுதும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்தப் பதிவின் பிரதியைத் தொழிற்சங்கத்தின் மூலம் கேளுங்கள். பெப்ரவரியைப் பெப்ரவரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மழை ஏறக்குறைய அதே அளவாக இருந்தும் தண்ணீர் பாதியானது என்றால் வெயிலின் மேல் பழி போட முடியாது.

கலங்கலின் நிறமும் பேசும். பால் வெள்ளை அல்லது சாம்பல் என்றால் அது கல்லை உடைக்கும் கிரஷரின் கல்மாவு. செம்மண் நிறம் என்றால் கொட்டிய மேல்மண். தெளிந்த பிளாஸ்டிக் போத்தலில் பிடித்து, அசைக்காமல் ஒரு நாள் வைத்து, அடியில் தங்கிய படிவை அளந்து படமெடுங்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் சோதிக்கக் கேளுங்கள். குடிநீருக்கான இலங்கைத் தரம், எஸ்எல்எஸ் 614, கலங்கலுக்கு 2 என்டியூ (கலங்கலை அளக்கும் அலகு) வரை மட்டுமே அனுமதிக்கிறது. பால் நிறத் தண்ணீர் அதைத் தாண்டியிருக்கும் என்பதைக் கண்ணாலேயே சொல்லலாம். ஆனால் அலுவலகத்தில் எடுபடுவது ஆய்வுகூட எண்தான். மழை நாளில் பிடித்த தண்ணீரையே கொடுங்கள். தெளிந்த நாளில் அதிகாரி வந்து போத்தலை நிரப்பிப்போனால் மாதக்கணக்கில் பட்ட பாடு வீண். அதுவரை குடிக்கிற தண்ணீரை ஒரு இரவு தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் துணியில் வடித்து, கொதிக்கவைத்து ஆறவையுங்கள்.

போகவந்தலாவை, நோர்வூட் பக்கத்து வாசகர்களுக்கும் இதே போத்தல் முறை உதவும். அங்கே கெசல்கமு ஓயாக் கரையைத் தோண்டி மாணிக்கக்கல் தேடும்போது கலங்குகிற தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேறாகப் படிந்து, மிச்சம் களனி கங்கை வழியே கொழும்பு குடிக்கும் அம்பத்தளைவரை போகிறது. மாணிக்க அகழ்வுக்கு அனுமதி கொடுப்பது 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை. இரவில் தோண்டுபவர்களிடம் நீங்களாகப் போய் நிற்காதீர்கள், ஆபத்து. தூரத்திலிருந்து படம் எடுத்துப் பொலிஸுக்கும் அதிகார சபைக்கும் அனுப்புங்கள்.

தம்பியைப் பற்றி. முகத்தில் துணி கட்டித்தான் வேலை செய்கிறார் என்றால், அது அவரைக் காப்பாற்றவில்லை. நுரையீரலுக்குள் போய்த் தங்கும் சிலிக்காத் தூள் 10 மைக்ரோனைவிடச் சிறியது. கண்ணுக்குத் தெரியும் புழுதியைத் துணி தடுக்கும், கொல்லும் புழுதியை விட்டுவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நுரையீரல் நோய் வந்தால் திருப்பும் மருந்து இல்லை. காசநோய் பிடிக்கும் அபாயமும் அதோடு ஏறும். ஜாக்ஹாமருக்குத் தண்ணீர் கொடுத்து ஈரத்தில் துளையிடுவதே சரியான வழி. துளைக்குள் காற்றடித்துத் தூளை ஊதும் அந்த அரை நிமிஷம்தான் மிக மோசமான நேரம், அப்போது காற்று வரும் பக்கம் நிற்கவேண்டும். முகத்தில் இறுகப் பதியும் என்95 முகக்கவசம் வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தால் காற்று போகும். வேலை உடுப்பை வெளியிலேயே மாற்றித் தனியாகத் துவைக்கட்டும். அந்தப் புழுதி வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூடாது. வருஷத்துக்கொரு தடவை நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, 'கல்குவாரியில் துளையிடுகிறேன், இத்தனை வருஷம்' என்று டொக்டரிடம் சொல்லி அதை எழுதுவிக்கட்டும். சம்பளச் சிட்டை, ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் இல்லாமல் நாட்கூலியாக நிற்பவருக்கு நோய் வந்தபின் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கேட்பதே பெரும்பாடு. தம்பி அங்கே வேலை செய்வதால் நீங்கள் வாய்மூட வேண்டியதில்லை. ஈரத் துளையிடல், தாமத வெடி, மூடிய டிப்பர் ஆகியவை அவருக்கும் லயத்துக்கும் பொதுவான கோரிக்கைகள். அவற்றை முன்னால் வைத்தால் வீட்டுக்குள் பிளவு வராது.

'லைசன்ஸ் இருக்கிறது' என்றால், அதை வாசிக்கக் கேளுங்கள். கல் எடுக்கும் அனுமதியை 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் கொடுக்கிறது. சுற்றாடல் பக்கத்தைப் பார்ப்பது மத்திய சுற்றாடல் அதிகார சபை. இவை இரண்டுக்கும் பிரதேச சபைக்கும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமிழிலேயே, தனித்தனிக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதன்பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. 'குவாரி பற்றிய விபரம் தருக' என்று பொதுவாக எழுதினால் ஒருபக்கக் கடிதம்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: நிபந்தனைகளோடு அனுமதிப்பத்திரத்தின் முழுப் பிரதி, எல்லை வரைபடம், முடியும் திகதி, வெடி வைக்க அனுமதித்த நாளும் நேரமும், இதுவரை எடுத்த அதிர்வு அளவீடுகள், காணிக்குச் சம்மதம் கொடுத்தது யார், குழியை மூடிச் சீராக்க வைப்புப் பணம் கட்டியிருக்கிறார்களா, மண்சரிவு ஆய்வறிக்கை உண்டா. இன்னொன்றை மறக்காதீர்கள். 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22 இலக்க வர்த்தமானிப் பட்டியலில், குடியிருப்பிலிருந்து 1 கிலோமீற்றருக்குள் இயந்திரத்தால் கல் எடுக்கும் வேலை சுற்றாடல் மதிப்பீட்டுக்கு உட்பட்டதாக இருக்கிறது. உங்கள் குவாரி ஐந்து நிமிஷ நடையில். மதிப்பீடு நடந்ததா, அறிக்கை எங்கே என்று கேளுங்கள்.

தோட்டக் காணி அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை, காம்பரா உங்கள் பெயரில் இல்லை. அதனால் உங்களுக்குப் பேச உரிமையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொதுத் தொல்லையை நிறுத்தக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளையிடலாம், அதற்கு நீங்கள் வீட்டுக்காரராக இருக்கவேண்டியதில்லை, அங்கே வாழ்ந்தால் போதும். எப்பாவல பொஸ்பேற்றுச் சுரங்க வழக்கில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு, முறையான சுற்றாடல் மதிப்பீடு இல்லாமல் திட்டத்தை முன்னெடுக்கவிடாமல் தடுத்தது, வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர்வாசிகள். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதக் கெடு இருக்கிறது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. தோட்டத்துக்குள் செலவழிக்கப் பிரதேச சபைக்கு இருந்த தடையும் 2018இல் நீங்கிவிட்டது, மாற்றுக் குடிநீர்க் குழாயை உங்கள் உறுப்பினரிடம் தைரியமாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு காகிதம். முறைப்பாடு சூடானதும் குவாரித் தரப்பு காம்பராவுக்கு நாலு மூட்டை சீமெந்தும், கோயில் திருவிழாவுக்கு ஒரு தொகையும் கொண்டுவரக்கூடும். கூடவே கையெழுத்துக்கு ஒரு தாளும் வரும், பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ. 'முழு நட்டஈடும் பெற்றேன், இனி முறைப்பாடு இல்லை' என்ற வரி அதில் இருந்தால் அடுத்த வருஷ வெடிப்புக்கும் வற்றிய பீலிக்கும் சேர்த்து நீங்கள் கையெழுத்து வைத்ததாகிவிடும். தமிழ்ப் பிரதி தரச் சொல்லுங்கள். எந்தக் காம்பரா, எத்தனையாம் இலக்க வெடிப்பு, எந்தத் திகதிவரை என்று எழுதி, 'இந்தத் திருத்தத்துக்கு மட்டும்' என்ற வரியைச் சேர்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். சீமெந்தை வாங்கினாலும் பூசுவதற்கு முன் ஒவ்வொரு வெடிப்பையும் அடிமட்டத்தோடு படமெடுங்கள், பூசிய பிறகு அந்த ஆதாரம் சுவருக்குள் போய்விடும்.